கஸ்பாவின் கூரைகளில் ஒரு குலவை

உலகம்மாள் அத்தையைக் காணவில்லை.

சற்று முன்புவரை அந்தக் குழாயடியில், நீல ஓடு பதித்த சுவரில் சாய்ந்துகொண்டு, கால் வலிக்கிறது என்று சொல்லி நின்றிருந்தவர். நாச்சியாரும் அவள் தம்பி வேலவனும் படிக்கட்டின் திருப்பத்துக்குப் போய், வீடுகளுக்கு இடையே தெரிந்த கடலைப் படமெடுத்துவிட்டுத் திரும்பினார்கள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தை நின்ற இடத்தில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

அல்ஜீரியாவின் தலைநகரமான அல்ஜியர்ஸ், மலைச்சரிவில் கட்டிய நகரம். அதன் பழைய பகுதிக்குக் கஸ்பா என்று பெயர். வெள்ளை வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்று கடலை எட்டிப் பார்க்கும். நடுவே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். எல்லாச் சந்துகளும் படிக்கட்டுகள். எல்லாப் படிக்கட்டுகளும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். அங்கே பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் அதற்குள் வழி கண்டுபிடிப்பது கடினம்.

நல்லவேளையாக அங்கே பிறந்த ஒருத்தி உடன் இருந்தாள். லமியா, நாச்சியாரின் பள்ளித் தோழி. நாச்சியாரின் அப்பா கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பொறியாளர். குடும்பம் இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. அதற்குள் லமியாவோடு பேசிப் பேசியே நாச்சியாருக்கு அல்ஜியர்ஸ் அரபி பழகிவிட்டது. தென்காசியிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்திருந்த அத்தைக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பைப் பிள்ளைகளே ஏற்றுக்கொண்டார்கள். இன்றுதான் கடைசி நாள். மாலையில் விமானம். அத்தையின் பெட்டியை ஏற்றிக்கொண்டு அப்பா காரில் கடற்கரைச் சதுக்கத்துக்கு வந்துவிடுவார். இந்த விமானத்தைத் தவறவிட்டால், மகளின் வளைகாப்புக்கு அத்தை போய்ச்சேர முடியாது.

அத்தையிடம் கைப்பேசியும் இல்லை. அது பெட்டிக்குள் இருந்தது.

"கஸ்பாவில தொலைஞ்சவங்க கீழே இறங்கிடுவாங்க. எந்தச் சந்துல இறங்கினாலும் கடைசியில கடலுக்குத்தான் போகும்" என்றாள் லமியா. அதை நம்பி மூவரும் கீழ்நோக்கி ஓடினார்கள். ஆனால் செம்புத் தட்டுகளில் பூவேலை செய்துகொண்டிருந்த ஒருவர் அவர்களை நிறுத்தினார். யாரைத் தேடுகிறீர்கள், மஞ்சள் துணி சுற்றிய இந்தியப் பெண்மணியையா? அவர் கீழே வரவில்லை, மேலே போனார் என்று சுத்தியலால் மலையுச்சியைக் காட்டினார்.

கால் வலிக்கிறது என்றவர் மேலே எதற்குப் போனார்?

மூவரும் திரும்பி ஏறினார்கள். அத்தை கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள் பட்டு. அந்த வெள்ளை நகரத்தில் அதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ரொட்டிக் கடைக்காரர் பார்த்திருந்தார். கழுதைகளின் முதுகில் குப்பைக்கூடை ஏற்றி வந்தவரும் பார்த்திருந்தார். ஜன்னலில் கம்பளம் உதறிய பெண் பார்த்தது மட்டுமல்ல, இன்னொன்றும் சொன்னாள். அந்த அம்மாள் கையில் ஒரு சின்னப் பெண்குழந்தை இருந்ததாம்.

"குழந்தையா? யாரு குழந்தை?" என்றான் வேலவன்.

அந்தக் கேள்விக்குப் பதில் மேலேயிருந்து தடதடவென்று இறங்கி வந்தது. கோட்டும் பளபளக்கும் காலணியுமாக இரண்டு வாலிபர்கள், வியர்த்து விறுவிறுத்து, வழியில் தென்பட்ட ஒவ்வொரு கதவையும் தட்டிக்கொண்டு வந்தார்கள். உயரமானவனின் பெயர் ஸூஃபியான். அன்று அவன் தங்கை நவாலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் அக்காவின் மகள் ரீமைக் காணவில்லை. நாலு வயதுக் குழந்தை. மணப்பெண் அழுதுகொண்டிருக்கிறாள், கொட்டுமேளம் நின்றுவிட்டது.

"மஞ்சள் துணி சுத்தின வெளியூர்க்காரி ஒருத்தி எங்க பிள்ளையைத் தூக்கிட்டுப் போனதாச் சொல்றாங்க. நீங்க பார்த்தீங்களா?"

வேலவன் அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினான். பேசாதே என்று அர்த்தம். ஸூஃபியானின் கண்கள் சிவந்திருந்தன. கூட வந்தவனின் கை முறுக்கேறியிருந்தது. பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு நழுவிப் போய், அத்தையைத் தாங்களே முதலில் கண்டுபிடித்துவிடலாம். நாச்சியாருக்கும் அந்த எண்ணம் வந்தது. ஆனால் அங்கே ஒரு வீட்டில் ஒரு தாய் குழந்தையைத் தேடித் தவித்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்க அத்தை" என்றாள் நாச்சியார். "எங்க அத்தை யார் பிள்ளையையும் தூக்கிட்டுப் போற ஆள் இல்லை. தனியா அழுதுகிட்டிருந்த பிள்ளையைப் பார்த்திருப்பாங்க, வீட்டைத் தேடிக் கொண்டுவிடப் போயிருப்பாங்க. பாஷை தெரியாது. நாங்களும் அவங்களைத்தான் தேடுறோம். எங்ககூட வாங்க."

ஸூஃபியான் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு நண்பனைக் கீழே சதுக்கத்துப் பக்கம் அனுப்பிவிட்டு, அவர்களோடு நடந்தான். நம்பினான் என்று சொல்ல முடியாது. கண்பார்வையிலிருந்து இவர்களை விடக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

இப்போது நால்வர். சந்து குறுகிக்கொண்டே போனது. பழைய வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிடாமல் குறுக்கே மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அவற்றுக்கு அடியில் குனிந்து குனிந்து போனார்கள். ஒரு முட்டுச்சந்தின் முடிவில் லமியா திடீரென்று நின்றாள். தரையில் ஒரு வெள்ளைக் காலணி கிடந்தது. உள்ளங்கை நீளம்தான் இருக்கும், மேலே ஒரு துணிப்பூ.

ஸூஃபியான் அதை எடுத்துப் பார்த்தான். "ரீமோடதுதான்" என்றான்.

எதிரே இருந்தது ஆளில்லாத ஒரு வீடு. வாசலை மறித்து முட்டுக்கட்டைகளும் செங்கல்லும் புதிதாகச் சரிந்து கிடந்தன. வாசற்படி முழுக்கப் புழுதி படிந்திருந்தது. அத்தே, அத்தே என்று பிள்ளைகள் கத்தினார்கள். ரீம், ரீம் என்று ஸூஃபியான் கத்தினான். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. ஸூஃபியான் ஒரு கட்டையை இழுக்கப் போக, மேலேயிருந்து காரை பெயர்ந்து கொட்டியது. லமியா அவன் கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"இதைத் தொட்டா மிச்சமும் விழும். கஸ்பா வீட்டுக்கு இன்னொரு வழி இருக்கு" என்று அவள் வானத்தைக் காட்டினாள்.

கஸ்பாவில் மொட்டைமாடிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்தக் காலத்தில் பெண்கள் தெருவில் இறங்காமல் மாடிக்கு மாடி தாண்டியே உறவினர் வீட்டுக்குப் போவார்களாம். லமியா அடுத்த தெருவுக்கு ஓடி ஒரு கதவைத் தட்டினாள். திறந்த பெண் விஷயத்தைக் கேட்டதும், மறுபேச்சில்லாமல் எல்லோரையும் படியேற்றி மாடிக்குக் கொண்டுவிட்டாள்.

துவைத்த துணிகளை விலக்கிக்கொண்டு நாச்சியார் வெளியே வந்தாள். கீழே வளைகுடா முழுவதும் ஒரே பார்வையில் விரிந்தது. நீலமென்றால் அப்படியொரு நீலம். துறைமுகத்தில் கப்பல்கள், மசூதிக் கோபுரங்கள், சரிவில் இறங்கும் நூற்றுக்கணக்கான வெள்ளை மாடிகள். இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று தெரியாமலேயே இரண்டு வருடம் இந்த ஊரில் இருந்திருக்கிறாள்.

அவளுக்கு உயரம் ஆகாது. இரண்டாவது வீட்டு மாடிக்கும் மூன்றாவது வீட்டு மாடிக்கும் நடுவே இருண்ட சந்து ஒன்று வாய் பிளந்திருந்தது. அகலம் அதிகமில்லை, ஆனால் ஆழம் அதிகம். ஸூஃபியான் தாண்டினான், லமியா பாவாடையை இடுக்கிக்கொண்டு தாண்டினாள், வேலவன் ஆடுபோல் தாவினான். நாச்சியார் கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி நின்றுவிட்டாள்.

"கீழே பாக்காதக்கா. என்னைப் பாரு" என்று வேலவன் கை நீட்டினான்.

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தபடியே கால் எடுத்து வைத்தாள். பாதம் அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புத் தளத்தில் பட்டதும், சிரிப்பும் அழுகையும் சேர்ந்தாற்போல் ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

இடிந்த வீடு எது என்பது இப்போது புதிர். மேலேயிருந்து பார்த்தால் எல்லா முற்றங்களும் கிணறுபோலவே இருந்தன. கூப்பிட்ட குரல் காற்றில் கரைந்தது. கடற்காற்று, துறைமுகச் சங்கு, வானொலிகள், காக்கைகளைப் போலக் கத்தும் கடற்பறவைகள். அப்போதுதான் நாச்சியாருக்குத் தென்காசிக் கோயில் கொடைவிழா நினைவுக்கு வந்தது. மேளத்தையும் வேட்டுச் சத்தத்தையும் மீறி வயற்காடு தாண்டிக் கேட்கிற சத்தம் ஒன்று உண்டு. அவள் வாயருகே கையை வைத்து, நாக்கைச் சுழற்றி, குலவையிட்டாள்.

சரியாக வரவில்லை. மறுபடி மூச்சை இழுத்து விட்டாள். இந்த முறை குலவை கணீரென்று எழுந்து மாடிகளின்மேல் ஓடியது.

பதில் வந்தது. ஆனால் ஒரு இடத்திலிருந்து வரவில்லை, ஊர் முழுவதிலிருந்தும் வந்தது. அல்ஜியர்ஸ் பெண்களும் நல்ல காரியங்களில் இப்படித்தான் குலவையிடுவார்கள். எங்கோ கல்யாணம் என்று நினைத்து, துணி காயப்போட்டவள், மிளகாய் உலர்த்தியவள், ஜன்னலில் நின்றவள் என்று ஒவ்வொருத்தியாகத் தொடங்க, கஸ்பா முழுவதும் குலவை அலையலையாகப் பரவியது. வேலவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஸூஃபியான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நாச்சியார் கண்ணை மூடிக் கேட்டாள். ஒவ்வொரு குரலாக ஓய்ந்தது. எல்லாம் அடங்கிய பிறகும் ஒன்று மட்டும் நிற்கவில்லை. மூச்சே வாங்காமல், வளைந்து, நீண்டு, காலடியிலிருந்து எழும்பிக்கொண்டே இருந்தது.

"அதுதான் அத்தை" என்று அவள் ஓடினாள்.

இரண்டு வீடு தள்ளி, உடைந்த கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அடியில் பழைய முற்றம். நடுவே யாரும் நடாமலே வளர்ந்த அத்திமரம். அதன் நிழலில் சப்பணமிட்டு உலகம்மாள் அத்தை உட்கார்ந்திருந்தார். மடியில் ரீம், பட்டுச் சேலையின் முந்தானையைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ மருமவளே, இம்புட்டு நேரமா?" என்று அத்தை அண்ணாந்து பார்த்தார். "கத்தாதீயட்டீ. பிள்ளை இப்பத்தான் கண்ணசந்திருக்கு. நான் போட்ட குலவைக்கே முழிச்சிருமோன்னு பயந்துகிட்டிருக்கேன்."

நடந்ததை அத்தை அங்கிருந்தே சொன்னார். குழாயடிக்கு அழுதுகொண்டு வந்த குழந்தை ஒரு திசையைக் காட்டியதாம். இவர் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாராம். நாலு சந்து தாண்டியதும் குழந்தை ஒரு பூனைக்குட்டியைக் கண்டு இறங்கி, இந்த வீட்டுக்குள் ஓடிவிட்டதாம். இவர் பின்னாலேயே நுழைய, கட்டை சரிந்து வாசல் அடைத்துக்கொண்டதாம். தொண்டை வறளக் கத்திப் பார்த்தும் யாரும் வரவில்லையாம்; வாசலில் இவர்கள் கூப்பிட்டது முற்றம்வரை கேட்கவே இல்லையாம்.

மாடியிலிருந்து, முற்றத்தைச் சுற்றி ஓடிய மேல்தளத் தாழ்வாரமான மாடம்வரை படி நன்றாக இருந்தது. அதற்குக் கீழே படியே இல்லை. துணி காயப்போட்ட பெண்ணிடம் வேலவன் ஒரு மர ஏணி கேட்டு வாங்கிவந்தான். ஏணியை இறக்கியபோது மாடத்தின் பலகை முனகியது. ஒருவர் மட்டும் இறங்கலாம் என்றான் ஸூஃபியான். மற்ற மூவரும் மேலே ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

அவன் எத்தனையோ கேள்விகளோடுதான் இறங்கினான். குழந்தையின் சிராய்த்த முழங்காலில் மஞ்சள் பட்டுத் துண்டு ஒன்று கட்டியிருப்பதைப் பார்த்தான். சேலையின் ஓரம் கிழிந்திருந்தது. அவன் குனிந்து, அந்த ஊரில் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையாக, அத்தையின் உச்சந்தலையில் முத்தமிட்டான்.

அத்தை திடுக்கிட்டுப்போனார். "யாருட்டீ இது?"

"அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன், அத்தே."

"தாய்மாமனா? அப்ப சரி. பிள்ளையை வாங்கிக்கிடச் சொல்லு."

ஸூஃபியான் பாதி ஏணி ஏறித் தூக்கிக் கொடுக்க, ரீம் முதலில் மேலே வந்தாள். அடுத்து அத்தை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினார். பாதி ஏணியில் ஒரு கைப்பிடி காரை அவர் தோளை உரசி விழுந்தது. லமியா கண்ணை மூடிக்கொண்டாள். நாச்சியார் மூடவில்லை. அத்தையின் மணிக்கட்டை எட்டிப் பிடித்து இழுத்தாள். கடைசியாக ஸூஃபியான் ஏறி வந்ததும், எல்லோரும் அந்த மாடத்தைவிட்டு ஓட்டமாக மாடிக்கு வந்தார்கள்.

கல்யாண வீட்டில் அதன்பிறகு நடந்ததைச் சொல்லி மாளாது. ரீமின் அம்மா குழந்தையோடு சேர்த்து அத்தையையும் கட்டிக்கொண்டு விடவே இல்லை. நின்றுபோன மேளம் இருமடங்காக முழங்கியது. பாதாம் பலகாரத்தை ஆளாளுக்கு அத்தையின் வாயில் ஊட்டினார்கள். மணப்பெண்ணின் தாய் ஹூரியா குலவையிட, அத்தை எதிர்க்குலவையிட, யார் முதலில் மூச்சு விடுகிறார்கள் என்று கூட்டம் சூழ்ந்து பார்த்தது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டதால் முடிவு தெரியவில்லை.

நாச்சியார்தான் முதலில் வெளிச்சத்தைக் கவனித்தாள். வெயில் சாய்ந்துவிட்டது. சதுக்கத்தில் அப்பா, வழியில் மாலை நெரிசல், அதற்கப்பால் விமானம். இனிப் போய்ச்சேர முடியாது என்று அவள் லமியாவிடம் மெல்லச் சொன்னாள். லமியா அதை ஸூஃபியானிடம் சொன்னாள். அவன் அதை நவாலிடம் சொன்னான். நவால் மணப்பெண் உடையோடு எழுந்து நின்றாள்.

"என்னை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குக் கார்கள் நிக்குதில்ல? முதல்ல விமான நிலையத்துக்கு விடச் சொல்லுங்க."

அல்ஜியர்ஸில் கல்யாண ஊர்வலத்துக்கு வழிவிடாத வண்டி கிடையாது. பூமாலை கட்டிய கார்கள் ஒலிப்பானை அலறவிட்டுக்கொண்டு சதுக்கத்துக்கு இறங்கின. நடுவில் திகைத்து நின்ற அப்பாவின் காரையும் சேர்த்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் பறந்தன. பேருந்துகள் ஒதுங்கின. போக்குவரத்துக் காவலர் சிரித்தபடி கையசைத்தார். அப்பா என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாருக்கும் சொல்ல நேரமில்லை.

விமான நிலைய வாசலில் அத்தை பெட்டியோடு உள்ளே ஓடுமுன், நவாலின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். ரீம் தூங்கிவழிந்த முகத்தோடு கையாட்டினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மாம்பழ மஞ்சள் மறையும்வரை அத்தனை பேரும் நின்றார்கள்.

திரும்பும்போது ஸூஃபியான் நாச்சியாரிடம் வந்தான். "நீ மட்டும் பார்க்கலைன்னு சொல்லியிருந்தா, நாங்க இன்னும் சதுக்கத்துலதான் தேடிக்கிட்டிருப்போம்" என்றான். 'அது எங்க அத்தை' என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குத் தான் எவ்வளவு பயந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். கூரையைத் தாண்டியதைவிட அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று அப்பா கார்க் கதவைத் திறந்தார். நவால் விடவில்லை. நாச்சியாரையும் லமியாவையும் தன் இருபுறமும் உட்காரவைத்துக்கொண்டாள். வேலவன் ஏற்கெனவே மேளக்காரர்களின் வண்டியில் ஏறியிருந்தான்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் நெடுநேரமாகக் காத்திருந்த கூட்டம் ஆரத்தழுவ ஓடிவந்தது. பெண்ணுக்கு அருகில் வேற்று நாட்டு முகம் ஒன்றைக் கண்டதும் மாப்பிள்ளையின் அத்தை தயங்கி நின்று, இவள் யார் என்று கேட்டாள்.

"பொண்ணு வீட்டு ஆளு" என்றாள் நவால்.