இடப்பக்கத்து நாற்காலி

காலையிலேயே அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் கிடந்த அழைப்பிதழ்தான் காரணம். வக்கீல் சங்கத்தில் பத்து மணிக்கு அவளுடைய கணவருக்கு நினைவுக் கூட்டம். 'முன்னாள் படைவீரர், இருபத்தெட்டு ஆண்டுகள் அரசு வக்கீல், அன்புத் தந்தை' என்று அச்சடித்திருந்தார்கள். அதன் கீழே, 'நினைவுரை: மகள்.' அவருக்கு ஒரு மனைவி இருந்ததாகவே தெரியவில்லை!

"நான் வரல. நீயே போய்ப் பேசிட்டு வா."

பேச எழுதிய தாளோடு நின்ற மகள் திகைத்தாள். "அம்மா... இன்னிக்குமா?"

"எனக்கு அங்க என்ன வேலை? அவருக்குத்தான் நீ ஒருத்தி போதுமே!"

பெற்ற மகள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? அவள் பட்டாள். அவருடைய ஊர்மாற்றங்களுக்காகத் தன் டீச்சர் வேலையை உதறியவள் அவள். தினமும் அவருடைய கறுப்புக் கோட்டைத் தேய்த்துக் கொடுத்தவளும் அவள்தான். ஆனால் சாப்பாட்டு மேசையில் அவருக்கு இடப்பக்கத்து நாற்காலி அவர் 'குட்டி ஜட்ஜு' என்று கூப்பிடும் மகளுக்குத்தான். ஒருநாள் அதில் இவள் உட்கார்ந்தபோது, கையைப் பிடித்து எழுப்பி வலப்பக்கம் உட்கார வைத்துவிட்டார்! அதுகூடப் போகட்டும். வழக்குக் கட்டுகளில் செருகும் துண்டுச் சீட்டில் அப்பாவும் மகளும் மாறி மாறி எழுதிக் காட்டிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போடுவார். பரிமாறிக்கொண்டு நிற்கும் அவளுக்கு வயிறு எரியும்.

வாசலிலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்த்தார். "அண்ணி, கார் நிக்குது. கேஸை நீங்க ரெண்டு பேரும் இங்கயே முடிச்சிடுவீங்க போலிருக்கே!"

"சும்மா இருங்க தம்பி!" என்று சீறிவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "அந்தச் சீட்டுல என்னடி எழுதுவ? என்னைப் பத்தித்தானே சிரிச்சீங்க?"

மகள் கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தாள்.

"அப்பாவுக்கு இடது காது சுத்தமாக் கேக்காதும்மா... பட்டாளத்துல பக்கத்துலயே குண்டு வெடிச்சுப் போயிடுச்சு. நான் அந்தப் பக்கம்தானே உக்காருவேன், அதனாலதான் எழுதினேன்! ஸ்கூல்ல நடந்தது, டீச்சர்கிட்ட வாங்கின திட்டு... எல்லாத்தையும் எழுதித்தான் சொன்னேன்!"

"பொய்! முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? உன்னைத்தான் எப்பவும் வலது பக்கமே வெச்சிருந்தாரே!"

அவள் நினைத்துப் பார்த்தாள். தெருவில் நடக்கும்போதுகூட, சாலையைக் கடந்ததும் சுற்றிக்கொண்டு வந்து அவளை வலப்பக்கம் விட்டுக்கொள்வார். பட்டாளத்துப் பழக்கம் என்று அவள் கேலி செய்திருக்கிறாள்.

"கோர்ட்ல தெரிஞ்சா வேலைக்கே ஆபத்துன்னாரு. சரி, அம்மாகிட்டயாவது சொல்லுங்களேன்னு அழுதேன். அதுக்கு என்ன எழுதினாரு தெரியுமா? 'தெரிஞ்சா அவ கத்திப் பேச ஆரம்பிச்சிடுவா. அவ மெதுவாப் பேசுறதுதான் எனக்கு வேணும்.'" மகள் விம்மினாள். "உன்னைப் பார்த்து எனக்குத்தாம்மா பொறாமை! இருந்த ஒரு நல்ல காதையும் உனக்கே குடுத்துட்டாரு..."

"ஐயோ, என் கண்ணே!" அவள் பாய்ந்து மகளைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருஷமும் இந்தக் குழந்தையையா கரித்துக் கொட்டினோம் என்று நினைக்க நினைக்க நெஞ்சு வெடித்தது. இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

வெளியே ஹாரன் அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், இடப்பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அம்மா... அது என் இடம்."

"இருக்கட்டும். நீ அந்தப் பக்கம் போய் உக்காரு. பேசப் போறத ஒரு தடவை படி."

நடுவில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. வலப்பக்கம் உட்கார்ந்த மகள், தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படிக்கத் தொடங்கினாள்.

"கத்தாதடி," என்றாள் அவள். "மெதுவாவே படி... அவருக்குக் கேக்கும்."