சித்தப்பா வைத்த ஃப்ளெக்ஸ்

கூடலூரிலிருந்து குமுளிக்குப் போகும் சாலையோரத்தில் வேல்விழியின் அம்மா ஜோதிலட்சுமி திராட்சை ஜூஸ் கடை போட்டார். அப்பா தோட்டத்துப் பன்னீர் திராட்சை, அம்மாவின் கைப்பக்குவம். ஒரு டம்ளர் குடித்தவர் இன்னொன்று கேட்காமல் போனதில்லை. ஆனால், குடிக்கத்தான் ஆள் வரவில்லை!

"விளம்பரம் வேணும் மதினி. அதை என்கிட்ட விட்ருங்க" என்றார் சித்தப்பா தங்கப்பாண்டியன்.

மறுநாளே கடை முன்னால் பெரிய ஃப்ளெக்ஸ் நின்றது. நடுவில் சித்தப்பா, கூலிங் கிளாஸ் போட்டு, காதில் செல்போனை வைத்தபடி. அவரைச் சுற்றிப் பெரியப்பா, மாமா, அத்தை, அத்தையின் பிள்ளைகள் எல்லோரும் வட்டம் வட்டமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரையாவது விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள் அல்லவா? ஜூஸ் டம்ளரும் இருந்தது. கீழ் மூலையில், புளியங்கொட்டை அளவில்!

அம்மா ஃப்ளெக்ஸை மேலும் கீழும் பார்த்தார். சித்தப்பா கைக்காசு போட்டு ஆசையாகச் செய்தது.

"நல்லா இருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் முழுவதும் ஜீப்புகள் விர் விர்ரென்று போயின. ஒரே ஒரு பெரியவர் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். கையில் தாம்பாளம், அதில் வாழைப்பழம், வெற்றிலை, புதுத்துணி.

"ஏம்மா, காதுகுத்து வீடு இதானா?"

வேல்விழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. மிச்சமான ஜூஸை எல்லாம் கீழே கொட்டிவிட்டு, வேல்விழியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமையும் ஆள் வரலைன்னா கடையை எடுத்துருவோம்த்தா. நான் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போறேன். நீ அப்பாகூடச் சமத்தா இருக்கணும்."

வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பை தொங்கியது. அம்மா அதில் துணிகளை அடுக்கி வைத்திருந்தார். அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் வேல்விழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும், அந்த வழியில் ஆள் ஏற்றிப் போகும் செல்லப்பாண்டி மாமாவின் ஜீப்பில் ஏறினாள். கடை நெருங்கியபோது பக்கத்தில் இருந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்தார்.

"யாரு இவுக? எலெக்‌ஷன்ல நிக்கிறாகளா?"

வேல்விழியும் எட்டிப் பார்த்தாள். ஃப்ளெக்ஸில் சித்தப்பாவின் கூலிங் கிளாஸ் தெரிந்தது. பெரியப்பாவின் மீசை தெரிந்தது. டம்ளரைத் தேடுவதற்குள் கடையே பின்னால் போய்விட்டது!

"மாமா, நிறுத்துங்க! நான் இறங்கணும்!"

சித்தப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? 'உங்க ஃப்ளெக்ஸாலதான்' என்று சொன்னால் மனசு நொந்துபோவார். இரவெல்லாம் யோசித்தாள்.

காலையில் சித்தப்பாவின் கையைப் பிடித்தாள்.

"சித்தப்பா, உங்க போட்டோ ரோட்டுல போறவுகளுக்கு எப்படித் தெரியுதுன்னு பாக்க வேணாமா? ஜீப்புல ஒரு ரவுண்டு போவோம், வாங்க."

சித்தப்பாவுக்கு ஒரே குஷி. தலையை ஒருமுறை சீவிக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினார்.

"ஆகா! அந்தா நானு! செல்போன்கூடத் தெளிவாத் தெரியுதே!" என்று கத்தினார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தார். "ஆமா, நம்ம கடை எங்கன?"

"தாண்டி வந்துட்டோம் சித்தப்பா."

சித்தப்பா இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏ ஆத்தா! நானே என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கடையை விட்டுட்டேனே. மத்தவுக எப்படி நிப்பாக? கழட்டிருவோம்."

"கழட்டுவோம். ஆனா தூக்கிப் போட வேணாம். கூரைக்கு உள்பக்கமாக் கட்டுவோம். ஜூஸ் குடிக்கிறவுக நிழல்ல உக்காந்து, உங்களை நிதானமாப் பாப்பாக."

"அட! இது என் புத்திக்கு எட்டலையே!"

கடை முன்னால் கட்ட வேறு என்ன செய்வது? சித்தப்பா தன் பழைய வெள்ளை வேட்டியைக் கொண்டு வந்தார். வேல்விழி திராட்சையைப் பிசைந்து, அந்தச் சாற்றைத் துணியால் தொட்டு, 'திராட்சை ஜூஸ்' என்று பெரிதாக எழுதினாள்.

"அழிஞ்சிறாதாடி?" என்று கேட்டார் அம்மா.

"என் யூனிபார்ம்ல பட்டது இன்னும் போகலையேம்மா!"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், ஃப்ளெக்ஸைக் கூரைக்கு உள்ளே கட்டி, வேட்டியைக் கடை முன்னால் கட்டி, அதற்குக் கீழே கறுகறுவென்று திராட்சைக் குலைகளைத் தொங்கவிட்டார்கள். வேல்விழி சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வண்டி போனது. இன்னொன்றும் போனது.

அடுத்து வந்த கேரளா கார் மெதுவாகி, நின்றது! பிள்ளைகள் இறங்கிக் குலைகளைத் தொட்டுப் பார்க்க ஓடி வந்தார்கள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சேச்சி, ஒரு கிளாஸ் கூடி!" என்று இன்னொன்று கேட்டு டம்ளரை நீட்டினார்கள்.

கார் நிற்பதைப் பார்த்து ஒரு ஜீப் நின்றது. ஜீப்பைப் பார்த்து ஒரு வேன் நின்றது. மதியத்துக்குள் அம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லை.

"யாரு இவுகள்லாம்?" என்று ஒருவர் கூரையைப் பார்த்துக் கேட்க, சித்தப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார்.

"வேலு! பழம் தீந்துருச்சு, தோட்டத்துக்கு ஓடு!" என்றார் அம்மா. "கூடை பத்தாது. கதவுக்குப் பின்னாடி சிவப்புப் பை இருக்குல்ல? துணியை எடுத்து வச்சுட்டு அதைக் கொண்டு போ."

"அந்தப் பையா? உங்களுக்கு வேணாமாம்மா?"

"எனக்கு எதுக்கு? நான் எங்க போகப்போறேன்?"

வேல்விழிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. வீட்டுக்கு ஓடினாள். அம்மாவின் சேலைகளைப் பழையபடி அலமாரியில் அடுக்கினாள்.

பை நிறையத் திராட்சையுடன் அவள் கடைக்குள் நுழைந்தபோது, கூரையிலிருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.