பாதியில் நின்ற பள்ளம்

வரைபடத்தில் மோதிர விரலுக்கான பள்ளம் பாதியிலேயே நின்றிருந்தது.

இடது கையை வைக்கிற மாதிரி ஓர் இரும்புத் தட்டு, ஐந்து விரலுக்கு ஐந்து பள்ளம், ஒவ்வொன்றின் மேலும் திருகி இறுக்க ஒரு பட்டி, பட்டிக்கு அடியில் நகத்துக்கு நேராக ஓர் ஊசி. ஏதோ ரப்பர் கைக்கு என்று ஆராய்ச்சிக்கூடத்து டாக்டரம்மா சொல்லியிருந்தாள். பல்கலைக்கழகப் பட்டறையில் அவள் கேட்டதையெல்லாம் செய்து கொடுப்பவர் ஃபிட்டர்தான். முன்பு ஒரு தடவை அவளுடைய குளிர் அறைக்குக் கதவு செய்தபோது உள்பக்கம் கைப்பிடி இல்லை, சாவி நுழைக்க ஒரு சதுர ஓட்டை மட்டும். வரைந்தபடி செய்தால் போதும், நமக்கென்ன வம்பு என்று விட்டுவிட்டார். அது இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. அவசரத்தில் கோட்டைப் பாதியில் விட்டிருப்பாள் என்று நினைத்து, இந்தத் தடவை பள்ளத்தை முழு விரல் நீளத்துக்கு இழுத்து வெட்டினார்.

விடுமுறை நாள். மெஷினை நிறுத்தியதும் சூடான எண்ணெய் வாடையும், வெயில் தணிந்து கூரைத் தகரம் சுருங்குகிற டிக் டிக்கும் மட்டும் மிஞ்சின. வெல்டிங் மேஜையில் மைத்துனனின் முகக் கவசம் கவிழ்ந்து கிடந்தது. காலையில் டாக்டரம்மாவின் அறைக்கு ஒரு குழாயைப் பற்றவைக்கப் போனவன், இன்னும் வரவில்லை.

மனைவி போனில் கூப்பிட்டாள். "என்னங்க, தம்பி போனே எடுக்க மாட்டேங்கிறான். சாப்பிடவும் வரல."

"நாலரை எங்க போயிடப் போறான்? பேச ஆள் கிடைச்சா அவனுக்குப் பசியே தெரியாது. நானே கூட்டிட்டு வரேன்."

"பட்டப்பேரு சொல்லாதீங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு. இருக்கறது ஒரே தம்பி."

தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். ஆராய்ச்சிக்கூடத்தின் நீண்ட நடையில் இருபுறமும் பூட்டிய கதவுகள், பினாயில் நெடி, கண் சிமிட்டிக்கொண்டே இருந்த ஒரு டியூப்லைட். தூரத்தில் இரும்பில் எதுவோ மோதிக்கொண்டிருந்தது. டொக். டொக். பம்பு சரியில்லை போல, அதையும் நம் தலையில்தான் கட்டுவார்கள் என்று அலுத்துக்கொண்டார். நாலரைக்கு நாளெல்லாம் வேலைதான். அந்தப் பெயரைப் பட்டறையே வைத்தது, கிரைண்டர் அவனுடைய இடது மோதிர விரலில் பாதியைத் தின்ற அன்று.

பாதியை.

கால் நின்றது. துணியை விலக்கிப் பார்த்தார். வரைபடத்துக் கோடு தவறவில்லை. அவன் விரல் முடிகிற இடத்தில்தான் முடிந்திருந்தது.

ஓடினார்.

டொக். டொக்.

குளிர் அறைக் கதவை இழுத்தார். குளிரோடு ரத்த வாடை முகத்தில் அடித்தது. மேஜையில் மைத்துனன், வாயில் ஒட்டிய டேப், வார்களுக்குள் உடம்பு. குதிகால் மட்டும் மேஜைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அவன் வலது கை ஏற்கெனவே ஒரு தட்டில் இருந்தது. போன மாதம் இவரே செய்து, பளபளவென்று தேய்த்துக் கொடுத்த தட்டு. ஐந்து ஊசிகளும் நகத்தைத் துளைத்து அடிவரை இறங்கியிருந்தன.

கழுத்தில் சதுரச் சாவி தொங்க, டாக்டரம்மா திரும்பினாள். ஒரு கையில் ஸ்பேனர். மறு கையால் அவரிடமிருந்து தட்டை வாங்கி அவன் இடது கைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். குட்டை விரலுக்கு அப்பால் பள்ளம் காலியாகக் கிடந்தது.

"வரைஞ்சபடி செய்யலையே அண்ணா."

"அவன விட்டுரும்மா. உன் கால்ல விழறேன்."

அவள் பார்வை அவருடைய இடது கையில் நின்றது. "இதுக்கு இப்ப முழு விரல்தானே வேணும்."

ஸ்பேனர் முழங்காலில் இறங்கியது. எலும்பு நொறுங்கியது. இன்னொரு அடி. விழுந்தார். கதவு, தன் பாரத்திலேயே, மெல்லச் சாத்திக்கொண்டது.

தவழ்ந்து போய்க் கதவைத் தடவினார். வழவழப்பு. அவரே தேய்த்த வழவழப்பு. கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில், உலர்ந்த ரத்தத்தில் ஓர் இடது கைத் தடம். நாலு விரல் முழுசாக. ஒன்று பாதி.

அதன்மேல் அவருடைய ஐந்து விரல்களும் வழுக்கிக்கொண்டு இறங்கின.