பட்டியலில் இல்லாத குரல்

பேய்க் கதை என்றால் எல்லோரும் இருட்டையும் நாய் ஊளையையும் எதிர்பார்க்கிறார்கள். என்னிடம் அதெல்லாம் கிடையாது. நான் அந்த வீட்டுக்குப் போனது பட்டப்பகலில். மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஏறிப் போவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது.

பழைய கம்ப்யூட்டர் கேம்களைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. கேம் செய்கிறவர்கள் படம், இசை, குரல் எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்பாக மூட்டை கட்டிவிடுவார்கள். கட்டியவர் வாய் திறக்காவிட்டால், முடிச்சு எங்கே என்று நானே தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே கட்டியவர் உயிரோடுதான் இருந்தார். வாய்தான் திறக்கவில்லை.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி.

"வாங்க தம்பி. எங்க பொண்ணு குரல் இவர் செஞ்ச கேம்ல மட்டும்தான் இருக்கு. அப்ப இருந்த போன் தண்ணியில விழுந்து போச்சு. இவர்கிட்ட கேட்டா அழிச்சுட்டேன்னு ஒரே பாட்டு."

"எப்படிக்கா குழந்தை..."

"எப்பவும் இருமல் மருந்தும் கையுமாத்தான் இருப்பா. தூக்கத்துலயே இழுப்பு வந்துடுச்சு. இவர்தான் பக்கத்துல இருந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவை சிரிச்சிருந்தாக்கூட போதும் தம்பி. அவ சிரிப்பே மறந்து போயிட்டு வருது."

உள்ளறையில் ஒரு மேசை, பழைய கம்ப்யூட்டர், சுவரில் ஆளுயர அலமாரி. வெளிப்பக்கம் தாழ்ப்பாள். அலமாரிக்குள் பஞ்சு மெத்தை அடித்து, மைக்கைத் தொங்கவிட்டு, அதைத்தான் ஒலிப்பதிவுக் கூடமாக வைத்திருந்தாராம். கையில் காசில்லாமல் கேம் செய்கிறவர்கள் பலரும் இப்படித்தான் செய்வார்கள்.

அந்த அலமாரிக் கதவின் மேல் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேயேதான் என்று அக்கா சலித்துக்கொண்டார். மனிதருக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

"வணக்கம் சார்."

"போயிடுங்க," என்றார்.

நான் போகவில்லை. கோப்பைத் திறந்தேன். எல்லா எழுத்தும் ஒரு ரகசியச் சொல்லோடு கலந்து குழம்பிக் கிடந்தது. இந்த வகைப் பூட்டில் ஒரு முட்டாள்தனம் உண்டு. கோப்பில் எங்கே ஒன்றுமே இல்லாத வெற்று இடம் இருக்கிறதோ, அங்கே அந்த ரகசியச் சொல் தன்னையே திரும்பத் திரும்ப எழுதிக் காட்டிக்கொடுத்துவிடும். தேடினேன். திரை முழுக்க ஒரே சொல்.

சிட்டு சிட்டு சிட்டு.

"எங்க பொண்ணைக் கூப்பிடற பேரு," என்றார் அக்கா. டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டார்.

பூட்டு விலகியதும் முன்பக்கத்தில் பட்டியல் தெரிந்தது. எந்தக் கோப்பு, எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம். ஆனால் இரண்டு கோப்புகளுக்கு நடுவில் பெரிய பகுதி ஒன்று யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அழித்தாராம்! பட்டியலில் இருந்து பெயரை மட்டும் எடுத்திருக்கிறார், பொருள் அப்படியே இருக்கிறது. சோம்பேறிகள் செய்கிற வேலை.

சோம்பேறித்தனம் என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு.

விடுபட்ட பகுதிக்குப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். பெயர் கேட்டது. 'சிட்டு' என்று அடித்தேன்.

"பேர் வைக்காதப்பா," என்றார் அவர். குரல் கிசுகிசுப்பாக வந்தது. "அழிக்க மனசு வரல. பேரை மட்டும் எடுத்தேன். பேர் இல்லாததாலதான் உள்ளயே இருக்கா."

அதற்குள் நான் சேமித்துவிட்டேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

முதலில் இவருடைய குரல், இளமையாக, உற்சாகமாக. "நடிக்கக் கூடாது சிட்டு. நிஜமா அழணும். கதவு பூட்டியிருக்கு, சரியா?" தாழ்ப்பாள் விழும் சத்தம். குழந்தை சும்மா அழுது காட்டியது. "இது போதாது!" பிறகு போன் மணி. "ஒரு நிமிஷம், வெளிய போய் பேசிட்டு வரேன்." செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

பதிவு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

"அப்பா, தொறங்கப்பா."

தட்டல்.

"நல்லா அழறேன்ப்பா. இப்ப நல்லா அழறேன். தொறங்கப்பா."

மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. தட்டல் மெலிந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. பதிவு மட்டும் நீண்டுகொண்டே போனது.

ஹெட்போனைக் கழற்றினேன்.

தட்டல் நிற்கவில்லை.

அது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் நாற்காலி கொஞ்சம் நகர்ந்தது. அறை முழுக்க இருமல் மருந்து வாசனை.

"கிடைச்சுதா தம்பி? சிரிக்கிறாளா?"

டீயோடு அக்கா வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டு ஹெட்போனை வாங்கிக்கொண்டார். தடுக்க எனக்குக் கை வரவில்லை. கடைசி வரை நின்றபடியே கேட்டார். அழவில்லை.

"தூக்கத்துல போனாள்னு சொன்னீங்க," என்றார் கணவரிடம். "எழுந்திரிங்க."

அவர் எழுந்தார். தாழ்ப்பாளை அவரே விலக்கினார். உள்ளே பஞ்சு மெத்தை, தொங்கும் மைக், வேறொன்றும் இல்லை.

"யாரும் இல்ல பாரு," என்று உள்ளே ஒரு கால் வைத்தார்.

இன்னொரு காலும் உள்ளே போனது. அவராக வைத்ததாகத் தெரியவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் இருவரும் மேசைப் பக்கம்தான் நின்றோம், சத்தியமாக.

உள்ளே இருந்து அவர் அடித்த அடியில் சுவர் அதிர்ந்தது. நான் ஓடிப்போய் இழுத்தேன், தாழ்ப்பாள் அசையவில்லை. பையில் இருந்த திருப்புளியை எடுத்து திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கதவைத் திறந்தேன்.

ஆளே இல்லை. மைக் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பின்னால் கம்ப்யூட்டர் தானாகப் பாட ஆரம்பித்தது. அதே பதிவு, அதே நீளம். ஆனால் உள்ளே இருந்து தட்டியது ஒரு ஆணின் கை. "நல்லா அழறேன்மா. தொறம்மா சிட்டு." கதவுக்கு வெளியே ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, விழுந்து விழுந்து.

அக்கா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்துகொண்டார். வருஷக்கணக்கில் பட்டினி கிடந்தவர் முகம் அது.

"சிரிக்கிறா பாருங்க தம்பி."

போலீஸ் வந்தது, தேடியது, ஆள் காணவில்லை என்று எழுதிக்கொண்டு போனது. நான் என் பிரதியை அழித்தேன். முழுதாக அழித்தேன், எனக்கு அந்த வேலை தெரியும்.

நேற்று அக்கா போன் செய்தார்.

"தம்பி, இவர் அழற சத்தத்தை மட்டும் வெட்டிக் குடுக்க முடியுமா? சிரிப்பு சரியா கேக்க மாட்டேங்குது."

"வேண்டாம்க்கா. அதை மறுபடி தொட மாட்டேன்."

"யாரும்மா போன்ல?" என்று அவர் பக்கத்தில் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"உன்னைத் திறந்து விட்ட மாமாடா கண்ணு."

பிறகு அதே குரல், இப்போது வாயைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டது.

"மாமாவுக்கு நல்லா அழ வருமாம்மா?"