பதினெட்டு நிமிடத்துக்கு எந்த எண்ணெய்?

கீழ்நகரில் குழந்தை பிறந்தால் பெயர் வைப்பதற்கு முன்பே தீ எழுதிவிடுவார்கள். ஆளுக்கு ஒன்பது நிமிடம். ஆயுள் முழுவதற்கும் அவ்வளவுதான். செவ்வாயின் தரைக்கு அடியில் சுரங்கம் சுரங்கமாகக் கிடக்கும் அந்த ஊரில் மூச்சுக்காற்று முழுவதும் பாறையைப் பிழிந்து எடுத்தது. அங்கே ஒரு தீக்குச்சி எரிந்தால் யாரோ ஒருவருடைய மூச்சில் கை வைக்கிறது என்று அர்த்தம். அதனால் சமையலிலிருந்து குளிர்காய்வது வரை எல்லாம் மின்சாரம். நெருப்புதான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் தீவாரியத்தில் எழுதிக் கொடுத்துத் தன் ஒன்பதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணத்தில் இரண்டு நிமிடம் செலவழிப்பவர்கள் உண்டு. பூமியிலிருந்து வந்த ஒரே ஒரு சுருட்டுக்காக ஒன்பதையும் ஊதித் தள்ளிய புண்ணியவானும் உண்டு. பெரும்பாலானவர்கள் தொடாமல் பத்திரமாக வைத்திருப்பார்கள். செத்தபின் உடல் உரமாவதற்கு உரக்கூடத்துக்குப் போகிற நாளில் தலைமாட்டில் ஒரு சுடர் எரிய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்த ஊரில் அளவில்லாமல் எரிந்தது வயிற்றெரிச்சல் ஒன்றுதான். அதற்கு வாரியம் இன்னும் நிமிடம் வைக்கவில்லை.

பரஞ்சோதியைப் பார்த்துப் பாதி ஊருக்கு அந்த எரிச்சல் இருந்தது. தண்ணீர் சுத்திகரிப்பில் சாதாரண வேலை பார்த்த மனிதர்தான். ஆனால் அவரிடம் ஒரு கார் இருந்தது. அவருடைய முப்பாட்டனார் மூன்றாவது கப்பலில் வந்தபோது, மற்றவர்கள் கட்டிலும் பீரோவுமாக ஏற்றிக்கொண்டு வர, இவர் தன் பங்கு எடை முழுவதற்கும் ஒரு பழைய ஃபியட்டைப் பிரித்துக் கட்டி எடுத்து வந்துவிட்டார். வெளிர்நீல நிறம். கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும். முன்சீட் முழுவதும் ஒரே பெஞ்சு. யாரும் பயன்படுத்தாத பழைய சரக்குச் சுரங்கம் ஒன்றில் அதைப் பூட்டி நிறுத்தியதோடு சரி, அதற்குப் பிறகு ஒருவரும் ஓட்டவில்லை. பெட்ரோல் எஞ்சின் என்பதும் ஒரு நெருப்புதானே. அது ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் தீயில் கழியும்.

கல்யாணமான இரண்டாவது வாரம் பரஞ்சோதி தன் மனைவி பூங்கோதையை அழைத்துப் போய்க் காரைக் காட்டினார். எஞ்சினைப் பற்றி அவர் அரைமணி நேரம் பேசினார். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள்.

“ஓடும்போது இது வழியா காத்து வருமாமே. மூஞ்சில அடிக்குமாமே. நெசமாங்க?”

கீழ்நகரில் யாருக்கும் காற்று அடித்தது கிடையாது. செந்தூசி கிளம்பினால் நுரையீரல் போய்விடும் என்று விசிறிக்குக்கூடத் தடை. சுவரிலிருக்கும் துளைகள் வழியாகக் காற்று கசிந்து வரும், அவ்வளவுதான். போக்குவரத்தோ மூடிய உருளைகளில். முடி பறப்பது என்றால் என்னவென்று பழைய படங்களில் பார்த்துத் தெரிந்துகொண்டவள் பூங்கோதை. பரஞ்சோதி, நிஜம்தான், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனாலே முடி கலைந்துவிடும் என்றார். அந்த வாரமே அவள் தீவாரியத்துக்குப் போய்த் தன் ஒன்பது நிமிடத்தையும் கணவர் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். கடைசியில் தலைமாட்டில் ஒரு சுடர்கூட இல்லாமல் போகப் போகிறாயா என்று அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“செத்தப்புறம் எரியறத நானாம்மா பாக்கப் போறேன்?” என்றாள்.

ஆகப் பதினெட்டு நிமிடம். சரக்குச் சுரங்கத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டர். தாராளமாக இரண்டு முறை போய்த் திரும்பலாம். பரஞ்சோதி சுறுசுறுப்பாகவே தொடங்கினார். டயர், பேட்டரி, ரப்பர் குழாய், இரண்டு லிட்டர் பெட்ரோல் எல்லாம் ஒரே வருடத்தில் தயார். எஞ்சின் ஆயில் ஒன்றுதான் பாக்கி.

பூமியில் இருந்திருந்தால் தெருமுனைக் கடையில் இருப்பதை வாங்கி ஊற்றியிருப்பார். கீழ்நகரில் கடை இல்லை, நெய்யச்சு இருந்தது. சூத்திரத்தைக் கொடுத்தால் உலகத்தில் இருந்த, இல்லாத எந்த எண்ணெயையும் அணு அணுவாகக் கோத்துக் கொடுக்கும் இயந்திரம் அது. எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலை வந்துவிட்டால் மனிதன் எதையும் வாங்கமாட்டான் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியவில்லை.

பரஞ்சோதி பூமியின் ஆவணக் கிடங்கைத் திறந்தார். பழைய கார் வைத்திருந்தவர்கள் நூற்றைம்பது வருடங்களாக ஒருவரோடு ஒருவர் போட்ட சண்டை அத்தனையும் அங்கே அழியாமல் கிடந்தது. இருபது-ஐம்பது கெட்டி ஆயில்தான் பழைய எஞ்சினுக்கு உயிர் என்றான் ஒருவன். அதை ஊற்றினால் குளிரில் மேலே ஏறாது, பதினைந்து-நாற்பதுதான் சரி என்றான் இன்னொருவன். துத்தநாகம் சேர்க்காத ஆயில் உள்ளே இருக்கும் இரும்பைத் தேய்த்துவிடும் என்று ஒரு கட்சி. அது அதிகமானால் அரிக்கும் என்று எதிர்க்கட்சி. புது ரக ஆயில் உள்ளே படிந்த கசடையெல்லாம் கழுவிவிடும், அந்தக் கசடுதான் ஒழுகாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது, ஊற்றினால் போச்சு என்று ஒருவர் ஆணையிட்டுச் சொன்னார். ஒவ்வொருவரும் எஞ்சினைத் தாமே பெற்று வளர்த்ததுபோலப் பேசினார்கள். பரஞ்சோதி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். ஒரு முடிவுக்கு வருவார். மறுநாள் அந்த முடிவை அடித்து நொறுக்குகிற ஒரு கருத்து கண்ணில் படும்.

பழுதறியிடமும் கேட்டார். பழுதறி என்பது சுரங்கத்து இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் எந்திரன், வாரம் ஒருமுறை காரைத் துடைக்க வரும். எது சிறந்தது என்று கேட்பார். அது மூன்று நாள் கணக்குப் போட்டுவிட்டு, இதைவிடச் சற்றே சிறந்த ஒன்று இருக்கிறது என்று புதிதாக ஒரு சூத்திரம் தரும். இப்படியே ஐந்து வருடம் போனது. பிறகு பத்து. அலமாரியில் சின்னச் சின்ன மாதிரிப் புட்டிகள் வரிசை வரிசையாகச் சேர்ந்தன.

பூங்கோதை ஆரம்பத்தில் கேட்டாள். பிறகு கேலி செய்தாள். எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது எங்கள் வீட்டில் இதில் நூற்றில் ஒரு பங்குகூட விசாரிக்கவில்லை என்பாள். விடுமுறை நாட்களில் காரில் போய் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, அசையாத சுரங்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏதாவது ஒன்றை ஊற்றித் தொலையுங்கள் என்று ஒருநாள் கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். எஞ்சின் போனால் திரும்பக் கிடைக்குமா என்று அவர் கேட்டார். கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைவாரிக்கொண்டே அவள் சொன்னாள்.

“காத்து வர்றதுக்குள்ள பறக்குறதுக்கு முடி இருக்காது போலிருக்குங்க.”

அவர் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. அந்த வாக்கியத்தை அவர் பின்னாளில் எத்தனையோ முறை நினைத்து நினைத்துத் துடித்தார். ஆனால் அன்றைக்குத் துத்தநாகம் பற்றி ஒரு முக்கியமான விவாதம் பாதியில் நின்றிருந்தது.

பத்தொன்பதாவது வருடம் பூங்கோதைக்குச் செந்தூசிக் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் படிந்த தூசி ஒருநாள் திடீரென்று சீறிக் கிளம்பும் நோய் அது. ஆறாம் நாள் மருத்துவ எந்திரன் பரஞ்சோதியைத் தனியாகக் கூப்பிட்டு, நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லியது. நேரே சுரங்கத்துக்கு ஓடினார். அப்போது அவருடைய பட்டியலில் இரண்டே இரண்டு ஆயில்கள் மிஞ்சியிருந்தன. பழுதறியைக் கூப்பிட்டு, இரண்டில் எதுவானாலும் சரி, இப்போதே ஊற்று, இன்றைக்கு ஓட்டியாக வேண்டும் என்றார்.

“எவ்வளவு நேரம் ஓட்டப் போகிறீர்கள்?” என்றது பழுதறி. அத்தனை வருடத்தில் அது அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

“பதினெட்டு நிமிசம். அவ்வளவுதான் எங்ககிட்ட இருக்கு.”

“அப்படியானால் எதை ஊற்றினாலும் ஒன்றுதான். இந்த ஆராய்ச்சியெல்லாம் லட்சம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு. பதினெட்டு நிமிடத்தில் தேய்ந்துபோக எதுவும் இல்லை. சமையல் எண்ணெய் ஊற்றினாலும் ஓடிவிடும்.”

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று பரஞ்சோதி கேட்டார்.

“எது சிறந்தது என்றுதான் கேட்டீர்கள். எது போதும் என்று நீங்கள் கேட்கவே இல்லை.”

அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அதற்கு மனிதர்கள் போட்ட விதி. கைக்கு அகப்பட்ட ஆயிலை ஊற்றச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு விழுந்தடித்து ஓடி வந்தார். வடிகட்டிய காற்று உள்ள அறையை விட்டு அவள் ஒரு அடி வெளியே வரக்கூடாது என்று மருத்துவ எந்திரன் குறுக்கே நின்றுவிட்டது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பூங்கோதையிடம் எல்லாவற்றையும் சொன்னார். சமையல் எண்ணெயே போதுமாம் என்றார். அவள் சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

“நீங்களாவது போய் ஓட்டிட்டு வாங்க. காத்து எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க, போதும்.”

போயிருந்தால் அரைமணி நேரத்தில் வந்து சொல்லியிருக்கலாம். அவர் போகவில்லை. உனக்கு நன்றாகட்டும், சேர்ந்தே போகலாம், முதல்முறை இரண்டு பேரும் சேர்ந்து போவதுதான் அழகு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் விடியும்போது கை சில்லிட்டிருந்தது.

கீழ்நகரில் உடலை வைத்திருக்க முடியாது. அன்று மாலை ஐந்து மணிக்கு உரக்கூடத்துக்கு அனுப்பியாக வேண்டும். பரஞ்சோதி தீவாரியத்தின் சாளரத்துக்குப் போய், தன்னிடமுள்ள பதினெட்டு நிமிடத்தையும் மனைவியின் சுடருக்குத் தருவதாகச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் தயங்காமல் எடுத்த ஒரே முடிவு அது. அவருக்கே அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சாளரத்து இயந்திரம் பதிந்துகொண்டு, சுடரை எதில் ஏற்ற வேண்டும் என்று கேட்டுப் பட்டியலைத் திரையில் விரித்தது. நல்லெண்ணெய், நெய், இலுப்பை எண்ணெய், கற்பூரம், சந்தனத் தைலம் என்று நாற்பத்திரண்டு வகை. மணி மூன்றரை.

எதுவானால் என்ன, எல்லாமே எரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, முதலில் இருந்த நல்லெண்ணெய்மேல் விரலைக் கொண்டுபோனார். அதன் கீழே பொடி எழுத்தில், முன்பு அதை வாங்கிய குடும்பத்தாரின் கருத்துகள் இருந்தன. ‘சுடர் சற்று மங்கல். எங்கள் அண்ணனுக்கு இன்னும் நல்லதாகச் செய்திருக்கலாம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், அதெல்லாம் திரியின் குற்றம், எண்ணெய் மேல் பழி போட வேண்டாம் என்று மறுத்திருந்தார். நெய்யில் பசுநெய் ஏழாம் சூத்திரம்தான் சிறந்தது என்று மூன்றாமவர் அடித்துச் சொன்னார். பரஞ்சோதியின் விரல் அந்தரத்தில் நின்றது. அவளுக்கு மங்கலான சுடரா? அவ்வளவு செய்தவளுக்கு, கடைசியாகச் செய்வதிலாவது குறை வைக்கலாமா?

ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்று இயந்திரத்திடம் சொன்னார். தாராளமாக என்றது அது. பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டாவது வகையைத் திறந்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அவர்களும் ஆளுக்கொரு கைத்திரையில் குனிந்து அதே கருத்துகளைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.