நான்கு புள்ளி மூன்று மைக்ரான்

கருவிக்குள் எதுவும் வைக்காதபோது திரையில் கோடு நேராக ஓட வேண்டும். ஓடவில்லை. நான்கு புள்ளி மூன்று மைக்ரான் அலைநீளத்தில் சின்னதாய் ஒரு மேடு எழுந்தது, தணிந்தது, மறுபடி எழுந்தது.

பரிதி மூடியைத் திறந்து பார்த்தான். காலிதான். அந்த இடத்தில் அகச்சிவப்பு ஒளியை விழுங்குவது கரியமில வாயு. பக்கத்தில் நின்று யாராவது மூச்சுவிட்டால் இப்படி வரும். மூடிவிட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

தீபாவளி விடுமுறை. பூதலூர் சாலைக் கல்லூரியின் மூன்றாம் மாடி ஆய்வகத்தில் அவனைத் தவிர யாருமில்லை. பிற்பகல் மூன்று மணிக்கே வானம் இருட்டி, சம்பா வயல்களில் நிற்கும் தண்ணீர்மேல் மழை விழும் சத்தமும் தவளைகளின் கத்தலும் ஒன்றாகி, ஜன்னல் வழியே ஈரச்சேற்று வாசனையோடு உள்ளே வந்துகொண்டிருந்தன. வெள்ளி கலந்த லெட் சல்ஃபைடு படலம் அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று மறுபடி அளந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள், அவன் கட்டுரை அனுப்பியிருந்த ஆய்விதழ்க்காரர்கள். கட்டுரையில் அவன் பெயர் மட்டும்தான். படலங்களைச் செய்தவள் அவனுக்கு இளைய ஆய்வு மாணவி ஆசியா.

போன் அடித்தது. ஆசியாவின் அம்மா அனீஸா, கூத்தாநல்லூரிலிருந்து.

"தம்பி, புள்ளையோட நோட்டு ஏதாச்சும் அங்க கிடந்தா எடுத்து வைங்க. அவ கையெழுத்தாச்சும் எங்கிட்ட இருக்கட்டும்."

"தேடிப் பாத்துட்டேம்மா. இல்ல."

"சரி தம்பி. அவ உங்களப் பத்தி ரொம்ப நல்லாச் சொல்லுவா."

படலம் செய்த விவரமெல்லாம் அவள் கையெழுத்தில் இருந்த அந்த நோட்டு அவன் மேசை டிராயரில் இருந்தது. போனை வைத்த பிறகும் அவனால் நிமிர முடியவில்லை.

"அண்ணே, எக்ஸாஸ்ட் ஃபேன் இழுக்குதா? தொண்ட எரியுது" என்று அவள் கேட்ட நாளில், படலம் செய்யும்போது எழும் நச்சுப்புகையை வெளியேற்றும் அந்த விசிறி பழுதாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. அவனுக்குத் தெரியும். "இழுக்குது. நீ முடி" என்றான். கட்டுரை அனுப்பக் கடைசி நாள் நெருங்கியிருந்தது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நுரையீரல் என்றார்கள். அடக்கத்துக்குக்கூட அவன் போகவில்லை.

திரையில் மேடு எழுந்தது. தணிந்தது.

பரிதி தன் மூச்சை அடக்கினான். பத்து எண்ணினான். இருபது.

மேடு எழுந்தது. தணிந்தது.

பிறகு சீராக இல்லை. வெடுக்கென்று ஒரு முள். இன்னொன்று. மூன்று, நான்கு, நெருக்கமாக. இருமல் அப்படித்தான் இருக்கும்.

எழுந்து போய் மூடியைத் தூக்கினான். உள்ளே கைபட்ட இடமெல்லாம் வெதுவெதுப்பு. முத்து முத்தாய் ஈரம். திரையில் கோடு நேரானது.

உள்ளே எதுவும் இல்லை. வெளியே வந்துவிட்டது.

"ஆசியா" என்றான். என்ன சொல்வது. எந்த முகத்தோடு.

கதவுப் பக்கம் திரும்பினான். வெளியேற இருந்தது அந்த ஒரு கண்ணாடிக் கதவு. ஏழெட்டு அடி தூரம்.

கண்ணாடியின் உட்பக்கம், அவன் தோள் உயரத்தில், வட்டமாகப் பனித்தது. சுருங்கியது. பனித்தது.

வட்டம் சுருங்கி மறைந்தது. மறுபடி பனிக்கவில்லை.

அவள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.