ஆமைப்பாரில் சேர்ந்த இரண்டு கோடுகள்

“ஏறுங்க மதினி! வெளிச்சம் இருக்கும்போதே கிழக்குத் தீவையும் பாத்துருவோம்!” படகைத் தள்ளிக்கொண்டே கத்தினான் ரொசாரி.

லீமா ஏறவில்லை. புயலில் காணாமல்போன தன் தம்பி பெலிக்ஸையும் அவன் கூட்டாளி சூசையையும் தேடி, கொழுந்தனோடு ஆளில்லாத் தீவுகளில் அலைந்துகொண்டிருந்தாள். அகப்பட்டதெல்லாம் அவர்களுடைய வள்ளத்தின் சிதறல்கள்தான்: மிதவைகள், தண்ணீர் கேன், பலகைத் துண்டுகள், வலைக் கிழிசல்.

“இப்படியே ஓடுனா டீசல்தான் தீரும். எல்லாத்தையும் எறக்கு!”

ஈரமணலில் தீவுகளை மேடுமேடாகக் குவித்தாள். ஒவ்வொரு பொருளையும் அது கிடைத்த இடத்தில் வைத்தாள். கிடைத்த வரிசையில் கோடிழுத்துப் பார்த்தாள். கோணல்மாணலாகப் போனது. அழித்தாள்.

“பிஞ்ச வலை எதுக்கு? தூரப் போடவா?”

“தொடாதலே! எது வழி சொல்லும்னு இன்னும் தெரியல.”

சுற்றிச்சுற்றி வந்தாள். சட்டென்று நின்றாள். மிதவைகளும் கேனும் வடகிழக்கே ஒரே நேராகக் கிடந்தன. நீரில் ஊறிய பலகையும் வலையும் மேற்கே!

“லேசானதக் காத்து தள்ளிருக்கு. கனத்தத கடலுக்குள்ள நீவாடு இழுத்திருக்கு!”

காற்று, நீரோட்டம் இரண்டின் கோடுகளையும் பின்னோக்கி இழுத்தாள். கோடுகள் சேர்ந்த இடம் ஆமைப்பார். படகுகளைக் கிழிக்கும் கடலடிப் பாறை. ஒற்றைப் படகு அங்கே நெருங்கவே முடியாது.

தேடிவந்த மற்ற மூன்று படகுகளைக் கைகாட்டி அழைத்தாள். மூத்தவர் கிளமெண்டு மணலைப் பார்த்து முகம் சுளித்தார். “என்னம்மா இது, குப்பையப் பரப்பி வச்சிருக்க?” அவள் ஒவ்வொன்றாக விளக்கினாள். கேன் வேறு படகுடையது என்றான் ஒருவன். இல்லை என்றான் மற்றவன். வாக்குவாதம் முற்றியது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

லீமா எல்லாவற்றையும் காலால் கலைத்தாள். தேடுவதற்கு அத்தனையும் வேண்டியிருந்தது. சொல்வதற்கு அது தடையாக நின்றது. இரண்டே கோடுகள் போட்டு, சேருமிடத்தில் ஒரு சங்கை வைத்தாள்.

“காத்து. நீவாடு. இங்க இருக்காங்க.”

கிளமெண்டு ஒரு கணம்தான் பார்த்தார். “எஞ்சினப் போடுங்கலே!”

பாரில் அலை சீறியது. கவிழ்ந்த வள்ளத்தின் மேல் இரண்டு உருவங்கள்! ரொசாரி கயிற்றோடு குதித்து நீந்தினான். சூசைக்கு உயிர் இருந்தது. பெலிக்ஸுக்கு இல்லை. இருவரையும் ஒரே கயிறு கட்டியிருந்தது.

“நேத்தே போயிட்டான்க்கா,” சூசையின் குரல் உடைந்தது. “கடலுக்குக் குடுக்க மனசு வரல.”

லீமா தம்பியின் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள்.

கரையில் ஊரே ஆர்ப்பரித்தது. சூசையின் மனைவி தண்ணீருக்குள் ஓடிவந்தாள். “மொதல்ல சூசைய எறக்குங்க,” என்றாள் லீமா.